உடும்பு மாசிலாமணியும் இரண்டாவது நகர்த்தலும்

ஒரு காட்டில் ஓர் உடும்பு இருந்தார்.

‘இருந்தது’ என்று எழுதினால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். போதாது. அவர் புத்தகம் எழுதியவர். புத்தகம் எழுதியவரையே அஃறிணையில் தள்ளிவிட்டால் நாளைக்கு என்னைப் போன்றவர்களின் கதி என்ன?

அவர் பெயர் மாசிலாமணி. மேற்கு மலையின் அடிவாரத்தில், ஓடைக்கரையில் குடியிருந்தார். அவர் எழுதிய புத்தகம், இருபத்துநாலு வீட்டாட்டத்தில் முதல் நகர்த்தலை எப்படிச் செய்வது என்பதைப் பற்றியது. மனிதர்கள் பேக்கமன் என்று சொல்லும் ஆட்டம்தான் அது. குளிர்காலம் கழிக்க எங்கிருந்தோ பறந்து வந்த நாரை ஒன்று, பலகையையும் இரண்டு பகடைகளையும் இந்தக் காட்டில் விட்டுவிட்டுப் போனது. மறந்துபோய் விட்டதா, தொல்லை ஒழிந்தது என்று விட்டதா, தெரியவில்லை.

ஆளுக்குப் பதினைந்து காய். ஒருவருக்குக் கழற்சிக்காய், மற்றவருக்குப் புங்கங்கொட்டை. பகடையில் விழுந்த எண்ணுக்குத் தகுந்தபடி காய்களை வீடு வீடாக நகர்த்தித் தன் பக்கம் கொண்டுவந்து, பிறகு பலகையை விட்டே வெளியே எடுக்க வேண்டும். முதலில் எல்லாக் காய்களையும் எடுத்தவருக்கு வெற்றி. ஒரு வீட்டில் காய் தனியாக நின்றால் எதிராளி வெட்டுவார். இரண்டாக நின்றால் யாரும் தொட முடியாது. அவ்வளவுதான் ஆட்டம். காட்டில் எல்லோரும் ஒரே காலையில் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

மாசிலாமணிக்கு மூன்று வருடம் ஆயிற்று. அதிலும் முதல் நகர்த்தல் மட்டும்.

தொடக்கத்தில் ஆளுக்கு ஒரு பகடை உருட்டுவார்கள். பெரிய எண் விழுந்தவர், அந்த இரண்டு எண்களையும் வைத்து முதலில் ஆடுவார். ஒரே எண் விழுந்தால் மறுபடி உருட்டல். ஆக, முதல் நகர்த்தலுக்குப் பதினைந்து ஜோடி எண்கள்தான் வர முடியும். அந்தப் பதினைந்தையும் மாசிலாமணி தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். மூன்றும் ஒன்றும் விழுந்தால் ஐந்தாம் வீட்டைக் கட்டு. ஆறும் ஒன்றும் விழுந்தால் ஏழாம் வீட்டைக் கட்டு. ஆறும் ஐந்தும் விழுந்தால் பின்னால் மாட்டிக்கொண்டிருக்கும் காயை ஒரே ஓட்டமாக ஓட்டு. இரண்டும் ஒன்றும் விழுந்தால் அறிஞர்களிடையே இரண்டு கட்சி உண்டு. அந்த இரண்டு கட்சியிலும் அவர் ஒருவர்தான் இருந்தார்.

தினமும் காலையில் மருத மரத்தடியில் வகுப்பு நடக்கும். யாராவது ஒருவரை எதிரே உட்காரவைத்து, பகடை உருட்டி, முதல் நகர்த்தலைச் செய்து, அரை மணி நேரம் விளக்குவார். பிறகு வாலைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுவார்.

“ஆட்டம் முடியலையே ஐயா?” என்று யாராவது கேட்டால், “இதுக்கு மேல பகடையோட இஷ்டம். அதுல யோசிக்க என்ன இருக்கு?” என்பார்.

உண்மை வேறு. நாரை போன புதிதில் அவர் ஒரு காட்டுக்கோழியோடு ஆடினார். முதல் நகர்த்தல் பிரமாதமாக இருந்தது. இரண்டாவதற்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மூன்றாவதில் இரண்டு காய் வெட்டுப்பட்டது. கோழி சத்தம் போட்டுச் சிரித்தது. அன்றைக்கு அவர் ஒரு முடிவுக்கு வந்தார்: இனி ஆடுவதில்லை, ஆராய்ச்சிதான். உடும்புப் பிடி என்று ஊரில் சொல்வார்கள். மாசிலாமணி முதல் நகர்த்தலைப் பிடித்தவர், விடவேயில்லை. விட்டால் இரண்டாவது வந்துவிடுமே. இதெல்லாம் அவருக்கே நன்றாகத் தெரியும். ஓடைத் தண்ணீரில் தன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் ‘வாங்க, அரைக்கிணறு’ என்று தன்னைத்தானே கூப்பிட்டுக்கொள்வார்.

இப்படி இருக்கையில், ஆவணி மாதம் ஒரு நாள் அவர் மனைவி இசக்கியம்மாள் சொன்னாள்: “இங்க பாருங்க. எனக்கு நாள் நெருங்கிட்டு. முட்டையிட இடம் பாத்துட்டேன். ஓடைக்கு மேல ஒரு கரையான் புத்து இருக்கு. நல்ல உசரம், மழைத்தண்ணி ஏறாது. அலுவலகத்துல போய் நம்ம பேருக்கு எழுதி வாங்கிட்டு வாங்க.”

“என்னைக்குப் போகணும்?”

“இன்னைக்குத்தான். அந்தப் புத்துமேல சடையாண்டிக்கும் ஒரு கண்ணு.”

சடையாண்டி ஒரு கரடி. புற்றை உடைத்துக் கரையான் உறிஞ்சிச் சாப்பிடுவது அவர் பிழைப்பு.

புற்று ஒதுக்கீட்டு அலுவலகம் ஓர் ஆலமரத்தில் இருந்தது. அதிகாரி செங்கமலம் ஒரு கருமந்தி. சுற்றுலா வந்தவர்களிடமிருந்து பிடுங்கிய மூன்று செல்போன்களை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கணினிமயம் ஆக்கியிருந்தார். விண்ணப்பம் போடுபவருக்கு ஓடிபி வரும். சிக்னல் இலவ மரத்து உச்சியில்தான் கிடைக்கும். மரம் ஏறத் தெரியாத முயல்களும் பன்றிகளும் அந்த மரத்தடியில் எத்தனை நாளாகவோ வரிசையில் நின்றன.

மாசிலாமணி மரம் ஏறி ஓடிபி வாங்கி, வரிசையில் முதல் ஆளாக நின்று, ஏழாம் படிவத்தையும் கையில் வாங்கிவிட்டார். முதல் வரி: விண்ணப்பதாரர் பெயர். ‘மாசிலாமணி’ என்று எழுதினார். மொட்டையாக இருந்தது. அடித்துவிட்டு ‘உ. மாசிலாமணி’ என்று எழுதினார். வேறு படிவம் வாங்கி ‘ஆட்ட ஆராய்ச்சியாளர் உ. மாசிலாமணி’ என்று எழுதினார். ‘ஆராய்ச்சியாளர்’ என்பது முன்னால் வரவேண்டுமா, பின்னால் வரவேண்டுமா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோது சடையாண்டி வந்தார். பக்கத்து ஜன்னலில் படிவத்தை வாங்கினார். எல்லா வரியிலும் ‘கரடி’ என்று எழுதினார். கொடுத்தார்.

மாசிலாமணியும் பதறிப்போய்த் தன் படிவத்தை நிரப்பி நீட்டினார். இரண்டு படிவத்திலும் ஒரே நிமிடத்தில் முத்திரை விழுந்தது.

செங்கமலம் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். “ஒரே புற்று, ஒரே நேரம், ரெண்டு விண்ணப்பம். விதி பதினொன்று. ஆட்டம் வெச்சுத் தீர்க்கணும். வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. ஜெயிக்கிறவங்களுக்குப் புற்று.”

“எந்த ஆட்டம், மேடம்?” என்று கேட்டார் மாசிலாமணி.

“இந்தக் காட்டுல எத்தனை ஆட்டம் இருக்கு? நீங்களே புத்தகம் போட்டிருக்கீங்க!”

சடையாண்டி முகம் வாடிவிட்டது. “அண்ணாச்சிகூடவா? அப்போ எனக்கு எங்க கிடைக்கப் போகுது?” என்றார்.

மாசிலாமணி வீட்டுக்கு வந்தபோது இசக்கியம்மாள் அங்கே இல்லை. அவர் தன் பெயரை அழகுபடுத்திக்கொண்டிருந்த நேரத்தில் அவள் புற்றின் பக்கவாட்டில் துளை போட்டு, உள்ளே போய், இருபத்திரண்டு முட்டையிட்டு, மண்ணையும் மூடிவிட்டாள். கரையான்கள் மிச்சத்தைப் பூசி அடைத்துக்கொண்டிருந்தன.

புற்றடிக்குத் தேடி வந்தவரிடம், “எழுதி வாங்கியாச்சா?” என்றாள்.

அவர் நடந்ததைச் சொன்னார். அவள் காலில் ஒட்டியிருந்த மண்ணை உதறினாள். பிறகு, “உங்களுக்கு ஆட்டம் தெரியும்லா?” என்று மட்டும் கேட்டாள்.

“தொடக்கம் தெரியும்.”

“முட்டை பொரிய ஒம்பது மாசம் ஆகும். கரடி இடிச்சா ஒண்ணும் மிஞ்சாது. தெரியும்லா?”

அந்த மூன்று நாளும் மாசிலாமணி சாப்பிடவில்லை. ஊருக்கெல்லாம் வகுப்பு எடுத்தவர், தன் சீடனான ஒரு முயலிடம் போய் இரண்டாவது நகர்த்தலைக் கேட்கலாமா என்றுகூட யோசித்தார். வளைக்கு வெளியே இரண்டு தடவை நின்றார். முயல் வெளியே வந்து “ஐயா!” என்று காலில் விழுந்தது. ஆசீர்வாதம் பண்ணிவிட்டுத் திரும்பி வந்தார்.

வெள்ளிக்கிழமை ஆலமரத்தடியில் காடே கூடியது. ஆளுக்கு ஒரு பகடை. மாசிலாமணிக்கு மூன்று. சடையாண்டிக்கு ஒன்று.

மூன்று-ஒன்று! பதினைந்து தொடக்கங்களில் ராஜா. எட்டாம் வீட்டிலிருந்து ஒரு கழற்சிக்காய், ஆறாம் வீட்டிலிருந்து ஒரு கழற்சிக்காய், இரண்டையும் ஐந்தாம் வீட்டில் கொண்டுபோய் ‘டக்’ என்று வைத்தார். கூட்டம் கைதட்டியது. வழக்கம்போல அரை மணி நேரம் விளக்கினார். சடையாண்டி வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். பிறகு பகடையை எடுத்து, உருட்டி, தோன்றியபடி எதையோ நகர்த்தினார்.

“அண்ணாச்சி, இப்போ நீங்க.”

மாசிலாமணி பலகையைப் பார்த்தார். அறிமுகமே இல்லாத ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கியது மாதிரி இருந்தது. நாக்கு வெளியே வந்தது, உள்ளே போனது. பகடையை உருட்டினார். ஒன்று சமமாக விழுந்தது. மற்றொன்று ஒரு புங்கங்கொட்டைமேல் சாய்ந்துகொண்டு நின்றது.

“ஆட்சேபம்!” என்று ஒரு குரல் கேட்டது. அது தன்னுடைய குரல்தான் என்று அவருக்குக் கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது.

பகடையை மறுபடி உருட்டினால் முடிந்துபோகிற விஷயம். ஆனால் செங்கமலத்தின் முகத்தில் விளக்குப் போட்டதுபோல ஒரு வெளிச்சம். “ஆட்சேபமா? ஒன்பதாம் படிவம் அச்சடிச்சு வெச்சு மூணு மழை போயிடுச்சு. ஒருத்தர்கூட வந்து கேட்கலை. நீங்கதான் சார் முதல் ஆள்!” என்று ஒரு கட்டுப் படிவத்தையே எடுத்து நீட்டினார். “விசாரணை பதினஞ்சு நாள். அதுவரைக்கும் புற்று யார் வசம் இருக்கோ அப்படியே இருக்கட்டும். ஆட்டம் மறுபடியும் முதல்லேருந்து.”

“முதல்லேருந்தா?” என்றார் மாசிலாமணி.

“முதல்லேருந்து.”

அந்த வார்த்தையைப் போல இனிமையான ஒன்றை அவர் அதற்கு முன் கேட்டதில்லை.

அடுத்த வாய்தாவில் சடையாண்டிக்குப் பெரிய எண் விழுந்தது. முதல் நகர்த்தல் அவருடையதாகிவிட்டது. அதற்கு எப்படிப் பதில் ஆடுவது என்பது மாசிலாமணி புத்தகத்தின் இரண்டாம் பாகத்தில் வரவேண்டியது. இரண்டாம் பாகம் எழுதப்படவில்லை. எனவே அவர் பகடையைக் கையில் எடுக்கும்போதே ஆட்சேபித்துவிட்டார்: கரடி மூச்சுவிட்டதில் ஒரு காய் அசைந்தது. செங்கமலம் மகிழ்ச்சியோடு எழுதிக்கொண்டார். அதற்கடுத்த முறை, பருந்தின் நிழல் பலகைமேல் விழுந்தது. அதற்கடுத்த முறை, பலகை மேற்கே சாய்ந்திருந்தது. ஒருமுறை, ‘பார்வையாளரான அணில் தன்னைப் பார்த்துக் கண்ணடித்தது’ என்று எழுதிக்கொடுத்தார். அணிலுக்கு நோட்டீஸ் போனது.

இப்படியே ஐப்பசி போனது, மார்கழி போனது, சித்திரையும் போனது. மாசிலாமணி பதினேழு தடவை ஆட்டத்தைத் தொடங்கினார். ஒருமுறைகூட இரண்டாவது நகர்த்தலைத் தொடவில்லை.

காடு அவரைக் கொண்டாடியது. “என்ன ஒரு வியூகம்! தொடங்கியே ஜெயிக்கிறார் பாருங்க” என்றார்கள். மரங்கொத்தி நாலு மரத்தில் நாலு பொந்து தொடங்கிவைத்துவிட்டு, ஐந்தாவதற்குப் போனது. தூக்கணாங்குருவிகள் கூட்டின் வாசலை மட்டும் பின்னிவிட்டு எதிரே உட்கார்ந்து ரசித்தன. காட்டுப்பன்றிகள் ‘மாசிலாமணி முறை’ என்று பெயர் வைத்துக் கிழங்கைப் பாதி தோண்டி விட்டுப் போயின. யாராவது காலில் விழும்போது மாசிலாமணிக்குக் கூசியது. ‘பயந்து வாயைத் திறந்ததுக்குப் பேரு வியூகமாடா?’ என்று ஓடையில் தெரிந்த முகத்திடம் கேட்டார்.

அவரை அதிகம் வதைத்தது சடையாண்டிதான். ஒவ்வொரு வாய்தாவுக்கும் கரடி முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருப்பார். ஒருமுறை அடைமழை. இருவரும் ஒரே பாறையிடுக்கில் அலுவலகம் திறக்கக் காத்திருந்தார்கள்.

“அண்ணாச்சி, உங்க புத்தகத்தை வாசிச்சிட்டேன்” என்றார் சடையாண்டி. “அந்த நாலு-மூணு இருக்குல்லா, அதுல எனக்கு ஒரு சந்தேகம். பின்னால இருக்கிற காயை நகத்துறதா, நடுவுல இருந்து ரெண்டு காய் இறக்குறதா?”

மாசிலாமணி சொல்ல ஆரம்பித்தார். பாதியில் கரடியின் விலாவைப் பார்த்தார். எலும்பு தெரிந்தது. “சாப்பாடெல்லாம் எப்படி?” என்று கேட்டார்.

“கிடைக்கு. கொஞ்சம் தூரம் நடக்கணும். நீங்க நாலு-மூணைச் சொல்லுங்க.”

அன்றைக்கு அவர் ஆட்சேப மனுவில் என்ன எழுதினார் என்று அவருக்கே நினைவில்லை.

வைகாசியில் கோடைமழை ஒன்று பெய்து புற்று மண் இளகியது. இசக்கியம்மாள் வந்து மேல்மண்ணைக் கீறிவிட்டாள். உள்ளேயிருந்து மஞ்சள் புள்ளி போட்ட குட்டிகள் ஒவ்வொன்றாகத் தலைநீட்டின. இருபத்திரண்டில் பத்தொன்பது. அம்மா என்றோ அப்பா என்றோ ஒரு வார்த்தை இல்லை. வெளியே வந்த வேகத்தில் புல்லுக்குள் ஓடி மறைந்தன. ஒரு குட்டி மட்டும் நின்று திரும்பிப் பார்த்தது. பாசம் என்று நினைத்து மாசிலாமணி கண்கலங்கினார். அவருக்குப் பின்னால் ஒரு வெட்டுக்கிளி இருந்தது. குட்டி அதைப் பிடித்துத் தின்றுவிட்டு ஓடியது.

“பத்தொம்பது” என்றாள் இசக்கியம்மாள். அவள் வால் மெல்ல ஆடியது. “போய் அந்த மனுசன்கிட்ட உண்மையைச் சொல்லிட்டு வாங்க.”

சடையாண்டி அத்தி மரத்தடியில் உட்கார்ந்து கால் சொறிந்துகொண்டிருந்தார். மாசிலாமணி எதிரே போய் நின்றார். பேசுவதற்கு நல்ல முதல் வாக்கியம் ஒன்று தயாரித்து வைத்திருந்தார். அதைச் சொன்னார். அதற்கப்புறம் எதுவும் வரவில்லை.

“சடையாண்டி... எனக்கு ஆட்டம் தெரியாது” என்று கடைசியில் போட்டு உடைத்தார். “முதல் நகர்த்தல் மட்டும்தான் தெரியும். ஒம்பது மாசமா ஏமாத்திட்டேன். புத்தை எடுத்துக்கிடுங்க. நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கிடுதேன்.”

கரடி சொறிவதை நிறுத்தவில்லை. “தெரியும் அண்ணாச்சி.”

“என்ன தெரியும்?”

“ரெண்டாவது வாய்தாவுலயே தெரிஞ்சிபோச்சு. பகடை உங்க கைய விட்டுப் போகதுக்கு முந்தியே ஆட்சேபம்னுட்டீங்க.”

“அப்புறம் ஏன் சும்மா இருந்தீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா புத்து உங்களுக்குத்தானே?”

சடையாண்டி கொஞ்சம் கூச்சப்பட்டார். “முதல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்தப் பக்கமா போனேன். எனக்கு மூக்கு நல்லா வேலை செய்யும் அண்ணாச்சி. உள்ள முட்டை இருக்குன்னு வாசனை வந்துட்டு. நான் ஒரு புத்தை இடிச்சா எனக்கு அரை நாள் சாப்பாடு. அக்காவுக்கு அப்படியா? வழக்கை வாபஸ் வாங்கலாம்னு போனேன். அதுக்குப் பன்னிரண்டாம் படிவமாம், இலவ மரத்துல மறுபடியும் ஓடிபியாம். அந்த மரம் முழுக்க முள்ளு. வாய்தாவுக்கு வந்து உக்காந்திரலாம்னு விட்டுட்டேன். உங்க விளக்கமும் கேக்கதுக்கு நல்லாத்தான் இருந்தது.”

மாசிலாமணி தன்னைத் திட்டிக்கொள்ளத் தெரிந்த வார்த்தைகளையெல்லாம் ஒன்பது மாதத்தில் தீர்த்துவிட்டிருந்தார். புதிதாக ஒன்றும் கிடைக்கவில்லை.

“ஒரு ஆட்டம் போடுவோமா?” என்றார் சடையாண்டி. அவர் மரப்பட்டையில் தானே கீறிய பலகை ஒன்றை வைத்திருந்தார். “முழுசா.”

“தோத்துருவேன்.”

“தோத்தா என்ன? இங்க படிவம் ஒண்ணும் கிடையாது.”

மாசிலாமணி உட்கார்ந்தார். ஆறும் ஒன்றும் விழுந்தது. ஏழாம் வீட்டைக் கட்டினார். விளக்கவில்லை. கரடி ஆடினார். பகடை திரும்பி வந்தது. மாசிலாமணி கண்ணை மூடிக்கொண்டு உருட்டினார், கண்ணைத் திறந்து ஒரு காயை எடுத்தார், எங்கேயோ வைத்தார். வானம் இடிந்து விழவில்லை. காய்தான் வெட்டுப்பட்டது. மறுபடி உருட்டினார். இரண்டு காய் வெட்டுப்பட்டது. ஒரு இடத்தில் அவரே கரடியின் காய் ஒன்றை வெட்டிவிட்டார். “அடி சக்கை!” என்று இருவரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். வெயில் இறங்கும்வரை ஆட்டம் நடந்தது.

வீட்டுக்கு வந்தபோது இசக்கியம்மாள் வாசலில் படுத்திருந்தாள்.

“தோத்துட்டேன்” என்றார்.

“எத்தனாவது நகத்தல்ல?”

அவர் மனதுக்குள் எண்ணிப் பார்த்தார். “முப்பத்தி நாலு.”

“அப்போ முதலுக்கு மேல முப்பத்தி மூணு ஆடியிருக்கீங்க” என்றாள் அவள், நகர்ந்து இடம்விட்டபடி.

மறுநாள் வகுப்பில் மாசிலாமணி நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் சொன்னார். தனக்கு ஆட்டம் தெரியாது, தன் குட்டிகள் பிழைத்தது தன் சாமர்த்தியத்தால் அல்ல, ஒரு கரடியின் பெருந்தன்மையால் என்று சொன்னார். சீடர்கள் பயபக்தியோடு எல்லாவற்றையும் தேக்கிலையில் எழுதிக்கொண்டார்கள். பிறகு தங்களுக்குள் கலந்து பேசி, இதிலிருந்து காடு கற்றுக்கொள்ள வேண்டியதை ஒரு பலகையில் செதுக்கி மருத மரத்தில் மாட்டினார்கள். அது இன்னும் அங்கேதான் தொங்குகிறது:

நீதி: முதல் நகர்த்தலைச் சரியாகச் செய். இரண்டாவது வராமல் அலுவலகம் பார்த்துக்கொள்ளும்.